கப்பல் கடக்கும் நேரத்தில் ஹேட்டி

மரீன் சிட்டி, மிச்சிகன்
12 மே 1986

அன்புள்ள லாயிட்,

நானும் ஹேட்டியும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இடது தோள்வலி குறைந்ததா என்பதை முதலில் எழுது. மற்ற கதையெல்லாம் பிறகு.

சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, நான் தூங்கி மூன்றரை மாதம் ஆகிறது. உன் மகள் ராத்திரியில் நாலு தடவை எழுகிறாள். பசி என்றால் சரி, ஒத்துக்கொள்ளலாம். நேற்று இரண்டு மணிக்கு எழுந்தவள் பாலைத் தொடவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டியிருந்ததாம். பகலில் மட்டும் துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் கூடையோடு வைத்தாலும் அசையாமல் தூங்குகிறாள்.

பஸ் கொட்டகையிலிருந்து வெர்னா வந்திருந்தாள். பள்ளிக்கூடம் திறக்கும் நாள்வரை ஏழாம் நம்பர் பஸ்ஸை எனக்காகப் பிடித்து வைத்திருக்கிறாளாம். செப்டம்பர் மூன்றாம் தேதி காலை ஐந்தரைக்கு வண்டியை எடுக்க வேண்டும். போகும்போது என் கண்ணுக்குக் கீழே விரலால் தொட்டுப் பார்த்தாள். "இந்தப் பையில நாலு நோட்டுப் புத்தகம் வைக்கலாம் போலிருக்கே. தூங்காத டிரைவர்கிட்ட நாப்பத்திரண்டு பிள்ளைங்களை நான் குடுக்கமாட்டேன் நோரீன். சிநேகிதம் வேற, இது வேற" என்றாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஒன்பது வருஷமாக அது என் பஸ், லாயிட். அதை வேறொருத்தி ஓட்டிப் போவதை வாசலில் நின்று பார்க்க என்னால் முடியாது.

சனிக்கிழமை ராத்திரி ஒன்று நாற்பதுக்கு நீங்கள் நம் வீட்டைக் கடந்தபோது கேப்டன் ஹார்ன் அடித்தது கேட்டது. மூன்று நீளம், இரண்டு குட்டை. எழுநூறு அடிக் கப்பல் ஒன்று நம் வீட்டுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவது இப்போது தெரு முழுக்கத் தெரியும். நாங்கள் இருவரும் விளக்கைப் போட்டுக்கொண்டு முன்ஜன்னலில்தான் நின்றோம். நீ பார்த்தாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
நோரீன்


ஹார்மன் கீல் கப்பல், சுப்பீரியர் ஏரி
19 மே 1986

அன்புள்ள நோரீன்,

தோள்வலி தேவலை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, சமையல்காரர் தினமும் ஒரு ஆப்பிள் பை சுட்டு என் இடுப்பைக் கெடுக்கிறார். நீயும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே என் ஒரே நினைப்பு.

டெட்ராய்ட்டில் தபால் படகு வந்து ஒட்டியதும் கயிற்றில் வாளியை இறக்கினோம். மேலே வந்ததில் உன் கடிதம்தான் முதலில் இருந்தது. ரேடியோவில் கூப்பிட்டுப் பேசலாமே என்று நீ கேட்கலாம். போன வாரம் சமையல்காரர் தன் மூலவியாதியைப் பற்றி மனைவியிடம் பேசியதை ஐந்து ஏரியிலும் இருந்த கப்பல்கள் உட்கார்ந்து கேட்டன. நமக்குக் கடிதம் போதும்.

பார்த்தாயா என்றா கேட்கிறாய்? ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலுவரை சுக்கான் என் கையில்தானே. இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்தேன். ஹேட்டி கையை ஆட்டினாள். அவள்மேல் சுற்றியிருந்தது அந்த மஞ்சள் போர்வைதானே?

கேப்டன் ஓஸ்டரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பதினோரு வருஷத்தில் நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. ஹேட்டி பிறந்த சேதியைச் சொன்னதும் அவராகவே, "ஆத்தங்கரையில உன் வீடு எது, காட்டு" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு தடவைகூட மறந்ததில்லை.

பஸ் உனக்குத்தான் கிடைக்கும். குழந்தை தூங்கக் கற்றுக்கொள்ளும். கவலைப்படாதே.

உன்
லாயிட்


மரீன் சிட்டி
9 ஜூன் 1986

அன்புள்ள லாயிட்,

இங்கே எல்லாரும் சுகம், ஹேட்டிக்கு லேசாக மூக்கடைப்பு இருந்தது, அதுவும் போய்விட்டது. அங்கே ஏரியில் இன்னும் குளிர் என்று கேள்விப்பட்டேன். கம்பளிச் சட்டையை மூட்டை கட்டிவிடாதே.

மஞ்சள் போர்வையேதான்! அந்த இருட்டில், அவ்வளவு தூரத்தில் உனக்கு எப்படித் தெரிந்தது? கடிதத்தை அடுப்படியில் நின்றபடி மூன்று தடவை படித்தேன். அவள் கையை ஆட்டியது எனக்கே தெரியாது. நான் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் ராத்திரியில் இரண்டு தடவை கடந்தீர்கள். இரண்டு தடவையும் நாங்கள் நின்றோம்.

டாக்டரம்மாவிடம் போனேன். குழந்தை நன்றாக எடை போட்டிருக்கிறாளாம், ராத்திரியில் பால் தேவையே இல்லையாம், வெறும் பழக்கம்தானாம். "தோள்ல போட்டுத் தூங்கவச்சுட்டு அப்புறம் தொட்டில்ல விடுறீங்க. நடுவுல முழிச்சா அதே தோளைத்தானே தேடும்?" என்றார். இனிமேல் முழிப்பாக இருக்கும்போதே தொட்டிலில் விட வேண்டும். அழுதால் மூன்று நிமிஷம் கழித்துப் போக வேண்டும், தட்டிக்கொடுக்கலாம், தூக்கக்கூடாது. அடுத்தது ஐந்து நிமிஷம், அப்புறம் பத்து. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும் என்கிறார். அழப்போவது அவர் வீட்டுக் குழந்தை இல்லை, அவர் தாராளமாகச் சொல்லலாம்.

நாலாம் தேதி சுதந்திர தின வெடியெல்லாம் முடியட்டும், ஜூலை ஏழாம் தேதி தொடங்குகிறேன். கேப்டனுக்கு என் நன்றியைச் சொல்.

அன்புடன்,
நோரீன்


ஹார்மன் கீல், டுலூத் துறைமுகம்
28 ஜூன் 1986

அன்புள்ள நோரீன்,

நான் நலம். உங்கள் இருவரின் நலத்தையும் கடிதம் கடிதமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

தூக்கவே கூடாது என்பதைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. கேப்டனிடம் சொன்னேன். அவருக்கு நாலு பிள்ளைகள். "எனக்கு என்ன தெரியும் லாயிட்? நாலும் தூங்கப் பழகினப்ப நான் ஏரியிலதான் இருந்தேன். ஜனவரியில வீட்டுக்குப் போனா, எல்லாம் தூங்கிட்டிருக்கும், என்னைப் பாத்தா மட்டும் அழும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீசன் முடிந்து நான் வரும்போது ஹேட்டிக்கு ஒரு வயசாகியிருக்கும். என்னை யாரோ என்று பார்ப்பாளோ என்று ஒரு பயம் உள்ளே உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

அதனால்தான் நீங்கள் ஜன்னலில் நிற்பது எனக்குப் பெரிய ஆறுதல். போன தடவை நீ அவள் காதில் ஏதோ சொன்னாய், அவள் சிரித்தாள். அதை நினைத்துக்கொண்டே ஹ்யூரான் ஏரி முழுவதும் வந்தேன்.

ஒரு யோசனை. கப்பலில் நாங்கள் எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதி வைப்பதுபோல நீயும் எழுதி வை. எத்தனை மணிக்கு விட்டாய், எவ்வளவு நேரம் அழுதாள், எப்போது எழுந்தாள். எழுதி வைத்தால் தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

உன்
லாயிட்


மரீன் சிட்டி
20 ஜூலை 1986

அன்புள்ள லாயிட்,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இந்த இரண்டு வாரத்துக்கு அதுவே பெரிய சுகம். உன் சுகத்தையும் ஒரு வரி எழுது.

முதல் நாள் நாற்பத்திரண்டு நிமிஷம் அழுதாள். நான் குளியலறையில் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து அழுதேன். மூன்று நிமிஷம் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியுமா? சூ மதகில் உன் கப்பல் தண்ணீர் இறங்கக் காத்திருப்பதெல்லாம் ஒன்றுமே இல்லை. இரண்டாம் நாள் இருபத்தைந்து நிமிஷம். மூன்றாம் நாள் பதினொன்று. அன்றைக்கு அவள் அழுகையில் துக்கமே இல்லை, முழுக்க முழுக்கத் திட்டுதான். நீ கேட்டிருக்க வேண்டும்.

பிறகு ஒரு நாள் படுக்கவைத்தவுடன் கட்டைவிரலைத் தேடிப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டாள். "இதுக்குப் போயா இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணினே" என்று என்னைக் கேட்பதுபோல இருந்தது. காலை ஐந்து மணிக்குத்தான் எழுந்தாள். நான் நடுவில் நாலு தடவை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

ஆனால் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. நீ கேட்ட பிரதி இதோடு இருக்கிறது. பத்தாம் தேதி ராத்திரி ஒன்றேகால், பதினாறாம் தேதி இரண்டரை, நேற்று பன்னிரண்டு ஐம்பது. இந்த மூன்று நாளும் எழுந்தாள், அப்புறம் இரண்டு மணி நேரம் தூங்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் அதே நேரத்துக்குத் தானாக விழித்துக்கொள்கிறாள். ஏறின படியெல்லாம் இறங்க வேண்டியிருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

வெர்னா சேதி அனுப்பினாள். பதினான்காம் தேதி காலையில் பிள்ளைகள் இல்லாத பஸ்ஸை அவளை வைத்து ஓட்டிக் காட்ட வேண்டுமாம். அடுத்த மாதம்.

அன்புடன்,
நோரீன்


ஹார்மன் கீல், ஹ்யூரான் ஏரி
29 ஜூலை 1986

அன்புள்ள நோரீன்,

நான் சுகம். நீ சுகமாக இல்லை என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

உன் பிரதியைக் கப்பல் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்து, பதினாறு, பத்தொன்பது. மூன்று ராத்திரியும் நாங்கள் நம் வீட்டைக் கடந்த ராத்திரி. நேரம்கூட நிமிஷக் கணக்கில் ஒத்துப்போகிறது. தூங்கக் கற்றுக்கொண்ட குழந்தையை என்னுடைய ஹார்ன் எழுப்பிவிட்டிருக்கிறது. உனக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமல் விட்டிருக்கிறாய்.

கேப்டனிடம் போய், இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஊதச் சொல்லித்தான் எல்லாரும் கேப்பாங்க. ஊதாதீங்கன்னு கேட்ட முதல் ஆள் நீதான்" என்றார். பிறகு தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. அதை விடு. பஸ்தான் முக்கியம்.

உன்
லாயிட்


ஹார்மன் கீல், க்ளீவ்லாண்ட்
13 ஆகஸ்ட் 1986

அன்புள்ள நோரீன்,

வாளி இரண்டு தடவை என் பெயருக்கு ஒன்றும் இல்லாமல் மேலே வந்தது. உனக்கோ ஹேட்டிக்கோ உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் சுகம்.

ஒன்பதாம் தேதி ராத்திரி சத்தம் போடாமல் கடந்தோம். தூங்கினாளா? ஒரு வரி போதும்.

லாயிட்


மரீன் சிட்டி
19 ஆகஸ்ட் 1986

அன்புள்ள லாயிட்,

உடம்புக்கு ஒன்றுமில்லை, இருவரும் சுகம்தான். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உடம்பு இல்லை. உன் ஜூலைக் கடிதம் வந்ததிலிருந்து ஐந்து தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கேட்டுக்கொள். ஹார்ன் அவளை எழுப்பியதே இல்லை. ஆற்றங்கரையில் பிறந்த குழந்தை, தினமும் இருபது கப்பல் ஊதுகிறது, அவளுக்கு அதெல்லாம் தாலாட்டு. எழுப்பியது நான்.

கப்பல்கள் எப்போது பாலத்தைத் தாண்டும் என்று சொல்கிற ஆபீஸுக்கு ராத்திரி படுக்கும் முன் போன் செய்து கேட்பேன். அங்கே இருக்கிறவருக்கு இப்போது என் குரல் பழக்கம். நேரத்தைக் கேட்டு அலாரம் வைத்துக்கொண்டு எழுந்து, அவளை மஞ்சள் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போவேன். கன்னத்தைத் தட்டி முழிக்க வைப்பேன். நீ பார்க்கும்போது அவள் கண் திறந்திருக்க வேண்டுமே. கை ஆட்டினாள், சிரித்தாள் என்று நீ எழுதும்போதெல்லாம், பார்த்தாயா, பிரயோஜனம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரோ என்று பார்ப்பாளோ என்று நீ பயந்து எழுதினாயே, அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவேன்? பாடம் சொல்லிக்கொடுக்கிறவளும் நான், அதைக் கெடுக்கிறவளும் நான். டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லவே இல்லை.

ஒன்பதாம் தேதி நீங்கள் சத்தமில்லாமல் போனீர்களே, அன்றைக்கும் தூக்கிக்கொண்டு நின்றேன். எனக்காக நீ கேப்டனிடம் போய் நின்றதை நினைத்து அழுகை வந்தது. அப்போதும் அவளைத் தொட்டிலில் விடவில்லை.

பன்னிரண்டாம் தேதி ராத்திரியும் நின்றேன். அவள் தூங்குவதற்கு நாலு மணி ஆயிற்று. அடுத்த ராத்திரி அதே நேரத்துக்குத் தானாக எழுந்தாள், மறுபடியும் நாலு மணி. காலையில் வெர்னாவோடு பஸ்ஸை எடுத்தேன். ரயில் பாதைக்கு முன்னால் நிறுத்தி, கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், உனக்குத் தெரியும். நிறுத்தினேன். கதவைத் திறந்தேன். அப்புறம் வெர்னா என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். எவ்வளவு நேரம் கண்ணை மூடியிருந்தேன் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை. பஸ்ஸில் வேறு யாரும் இல்லை, லாயிட். இருந்திருந்தால்?

வெர்னா கத்தவில்லை. "திறக்கிற அன்னிக்குக் காலையில வா. உன் மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் சாவி குடுக்கறதா வேண்டாமான்னு சொல்வேன்" என்றாள். இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.

இனிமேல் அவளை எழுப்பமாட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ கடந்து போகும்போது ஜன்னல் இருட்டாக இருக்கும். என்னை மன்னித்துவிடு.

நோரீன்


ஹார்மன் கீல், டெட்ராய்ட் ஆறு
23 ஆகஸ்ட் 1986

அன்புள்ள நோரீன்,

நீ நலமாக இருக்கிறாய், பஸ்ஸில் யாரும் இல்லை. இந்த இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டேன்.

மன்னிப்பை என்னிடம் கேட்காதே. நான் உன்னிடம் கேட்க வேண்டியது உன்னுடையதைவிடப் பெரியது. தபால் படகு வருவதற்குள் எழுதி முடிக்கவேண்டும், அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

நான் உங்களைப் பார்த்ததே இல்லை. ராத்திரியில் ஒரு தடவைகூட.

நம் வீட்டுக்கிட்டே ஆறு திரும்புகிறது. சுக்கான் பிடிக்கிறவன் அந்த இடத்தில் முன்னால் கரையில் இருக்கிற இரண்டு வழிவிளக்கையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு அதையே பார்க்க வேண்டும். தலையைத் திருப்பினால் எழுநூறு அடி இரும்பும் கூடவே திரும்பும். கேப்டன் ஊதுவார், நான் விளக்கைப் பார்ப்பேன். நம் வீடு எங்கோ என் இடது தோளுக்குப் பின்னால் போய்விடும். மஞ்சள் போர்வை நான் குளிர்காலத்தில் பார்த்தது. என் அக்கா பின்னிக் கொடுத்ததுதானே, வேறென்ன சுற்றியிருப்பாய்? கை ஆட்டியது, சிரித்தது எல்லாம் நானாக எழுதியது. பார்த்தாயா என்று நீ அவ்வளவு ஆசையாகக் கேட்டிருந்தாய். இல்லை என்று எழுதப் பேனா வரவில்லை. ஒரு தடவை எழுதினதும் அடுத்ததும் எழுத வேண்டியதாகிவிட்டது. கொஞ்ச நாளில் எனக்கே பார்த்ததுபோல இருந்தது.

என் பொய்க்காக நீ குழந்தையை எழுப்பியிருக்கிறாய். தயவுசெய்து தூங்க விடு. நீயும் தூங்கு. அவள் என்னை ஜனவரியில் அடையாளம் தெரிந்துகொள்ளாவிட்டால் முதலிலிருந்து தொடங்குகிறேன். நாற்பத்திரண்டு நிமிஷம் அழட்டும், இரண்டாம் நாள் இருபத்தைந்து ஆகும்.

உன்
லாயிட்


மரீன் சிட்டி
28 ஆகஸ்ட் 1986

லாயிட் டெவ்ரோவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் தோள் எப்படி இருக்கிறது?

மூன்று மாதம். மூன்று மாதமாக ராத்திரி ஒரு மணிக்கு நான் தலைவாரிக்கொண்டு ஜன்னலில் நின்றிருக்கிறேன். ஆமாம், அதை எழுதவில்லை, தலையும் வாரிக்கொள்வேன். ஒரு தடவை உதட்டுச் சாயம்கூடப் போட்டுக்கொண்டேன். ஐயா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. தட்டுகளைக் கழுவும்போது ஒரு தட்டு உடைந்தது, தற்செயலாக இல்லை. சாயங்காலம் ஹேட்டிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, நாம் இருவரும் செய்த காரியத்தை அவளுக்கு வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்து, கஞ்சி முழுக்க என் முகத்தில். இதை நீ நிஜமாகவே பார்த்திருக்கலாம்.

இருபத்தோராம் தேதியிலிருந்து ஏழு ராத்திரி. நடுவில் நீங்கள் ஒரு தடவை கடந்தீர்கள். நான் படுக்கையிலேயே கிடந்தேன். எழுந்து போகாமல் இருக்க விரிப்பைக் கையில் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் சத்தம் வந்து, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, போய்விட்டது. அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை. இந்த ஏழு நாளும் ஏழரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தாள். எனக்குத்தான் இன்னும் பழக்கம் போகவில்லை. ராத்திரி ஒரு மணிக்குக் கண் விழித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்க்கிறேன். டாக்டரம்மாவிடம் கேட்டால், எனக்கும் மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று ஆரம்பிப்பார்.

கேப்டனிடம் என் பெயரைச் சொல்லி, பழையபடி ஊதச் சொல். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஜனவரிவரை தாங்கும்.

நோரீன்


மரீன் சிட்டி
3 செப்டம்பர் 1986, சாயங்காலம்

அன்புள்ள லாயிட்,

நாங்கள் சுகமோ சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

காலையில் ஹேட்டியைப் பக்கத்து வீட்டு மிஸஸ் கோஸ்காவிடம் விட்டுவிட்டு ஐந்தேகாலுக்குப் பஸ் கொட்டகைக்குப் போனேன். வெர்னா டார்ச்சை என் முகத்தில் அடித்துப் பார்த்தாள். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், கண்ணுக்குக் கீழே. "எத்தனை மணிக்குப் படுத்தே?" என்றாள். ஒன்பது என்றேன். "எத்தனை மணிக்கு எழுந்தே?" நாலரை என்றேன். "நடுவுல?" நடுவில் ஒன்றும் இல்லை என்றேன். சாவியை என் கையில் வைத்தாள். ரயில் பாதையில் நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தேன், இரண்டு தடவை. நாற்பத்திரண்டில் ஏழு பேர் புதுசு. ஒரு சின்னப் பெண் அம்மாவின் பாவாடையை விடமாட்டேன் என்று ஒரே அழுகை. என் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார வைத்துக்கொண்டேன். மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் நிறுத்திவிட்டாள்.

நடுவில் ஒன்றும் இல்லை என்றேனே, அதற்குத்தான் உன்னிடம் வருத்தம் சொல்ல வேண்டும். மத்தியானம் மிஸஸ் கோஸ்கா கேட்டார்: "ராத்திரி ஒண்ணரைக்கு உங்க கப்பல் அந்த ஊது ஊதிச்சே, என் வீட்டு நாய்கூட எழுந்திடுச்சு. நீ எழுந்திரிக்கவே இல்லையா?" நான் கேட்கவே இல்லை, லாயிட். ஹேட்டியும் கேட்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நீ கடந்து போகும்போது நான் தூங்கியது இதுதான் முதல் தடவை. நீ எப்படியும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் மனசில் என்னவோ குத்துகிறது.

அன்புடன்,
நோரீன்


ஹார்மன் கீல், க்ளீவ்லாண்ட்
4 செப்டம்பர் 1986

அன்புள்ள நோரீன்,

நான் சுகம், தோள் முழுக்கச் சரியாகிவிட்டது. உன் அடுத்த கடிதம் இன்னும் என் கைக்கு வரவில்லை. நேற்றுக் காலை என்ன ஆயிற்று என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

நீ சொன்னதைக் கேப்டனிடம் சொன்னபோது கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. என் பொய் உள்பட. அவர் சிரிக்கவில்லை. முந்தாநாள் ராத்திரி நம் வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என் பக்கத்தில் வந்து நின்று, "நகரு" என்றார். எனக்குப் புரியவில்லை. "நாலு பிள்ளை பெத்தவன், எனக்கும் அந்தக் கரையைத் திரும்பிப் பாக்கத் தோணினது உண்டு. நகரு லாயிட். அஞ்சு நிமிஷம் நான் பிடிக்கிறேன். ஊதுறதும் நீயே ஊது" என்றார். அவர் சுக்கானைத் தொட்டு எத்தனை வருஷம் ஆகிறதோ தெரியாது.

நான் ஊதினேன். மூன்று நீளம், இரண்டு குட்டை. ஊதிவிட்டு வெளியே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நம் வீடு வந்தது, நோரீன். இவ்வளவு கிட்டத்தில் போகிறோம் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. வாசல்படிகூடத் தெரிந்தது. மிஸஸ் கோஸ்கா வீட்டில் விளக்கு எரிந்தது, நாய் குரைத்தது. நம் வீட்டில் விளக்கு இல்லை. ஜன்னலில் யாரும் இல்லை. திரைச்சீலை அசையவில்லை.

ஒரு நிமிஷம் பயந்துபோனேன், உடம்புக்கு ஏதாவதோ என்று. அப்புறம்தான் உறைத்தது. விடிந்தால் பள்ளிக்கூடம் திறக்கிறது. எழுநூறு அடிக் கப்பல் வாசலில் வந்து நின்று ஊதுகிறது, என் வீட்டில் இரண்டு பேரும் எழுந்திரிக்கவில்லை. வீடு பின்னால் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது, அது நல்ல அழுகை.

உள்ளே வந்ததும் கேப்டன் விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன்.

"நின்னாங்களா?"

"இல்ல கேப்டன். தூங்குறாங்க."

அவர் சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டுக் காப்பி ஊற்றிக்கொள்ளப் போனார். இந்தத் தடவை நான் எழுதியது எல்லாம் நிஜமாகவே பார்த்தது. பஸ்ஸைப் பற்றி எழுது, புதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுது. ஹேட்டிக்கு என் முத்தம், அவள் எழுந்த பிறகு.

உன்
லாயிட்